ஒரு லேப்டாப்பில் ஐந்து கடை

போன மாதம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். மன்னார்குடிப் பந்தலடிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். "ஆன் பண்ணா ஸ்க்ரீன் வந்து நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவுதுண்ணே. வைரஸ் ஏறிடுச்சு போல" என்றான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்தேன். வைரஸ் எதுவும் இல்லை. ஸ்டீம், எபிக், யூபிசாஃப்ட் கனெக்ட், இஏ ஆப், ராக்ஸ்டார் லாஞ்சர் என்று கேம் விற்கும் ஐந்து கடைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மெஷின் கண் விழிக்கும்போதே ஐந்தும் சேர்ந்து விழித்து, ஆளுக்கொரு அப்டேட் தேடி, இருக்கிற 8 ஜிபி ராமைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"எதையாவது ரெண்டத் தூக்கிருவோமா தம்பி?"

"எதத் தூக்குனாலும் ஒரு கேம் போயிரும்ணே."

அவன் சொன்னது சரிதான். ஐந்தில் மூன்றை அவன் தேடிப்போய் வைத்தவனும் இல்லை. ஜிடிஏ 5 வாங்கினான், கூடவே ராக்ஸ்டார் லாஞ்சர் வந்தது. ஸ்டீமில் தள்ளுபடியில் ஒரு யூபிசாஃப்ட் கேம் வாங்கினான், அதைத் திறந்தால் யூபிசாஃப்ட்டின் கதவு தனியாகத் திறந்தது. ஒரு ஃபுட்பால் கேமுக்காக இஏ ஆப்.

எங்கள் பக்கத்தில் ஆன்லைன் கேம் என்றாலே பெரியவர்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வரும். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்தது. அது வேறு கதை. இங்கே பேசப்போவது காசு கொடுத்து வாங்கி வீட்டில் உட்கார்ந்து விளையாடும் கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றி. அவற்றை விற்பதற்கு ஏன் இத்தனை கடைகள், அந்தக் கடைகள் எதற்காகச் சண்டை போடுகின்றன, அதில் நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றி.

முதல் கடை ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் அதைத் தொடங்கியபோது அது கடையாகவே இல்லை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வெர்ஷனில் இருக்க வேண்டும், ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க வேண்டும். அதற்காகச் செய்த அப்டேட் கருவி அது. 2004 நவம்பரில் ஹாஃப் லைஃப் 2 வந்தபோது, டிஸ்க்கைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கு தொடங்கினால்தான் விளையாட முடியும் என்று வைத்தார்கள். அன்றைக்கு எழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. 2005-ல் மற்ற நிறுவனங்களின் கேம்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. இன்றைக்கு ஒரே நேரத்தில் 4 கோடிப் பேருக்கு மேல் ஸ்டீமில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த கேமுக்காக ஸ்டீம் உருவானதோ அதே கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஸ்டீமைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் விளையாடினோம். 'நான்-ஸ்டீம்', அதாவது ஸ்டீம் இல்லாதது என்றே அதற்குப் பெயர். பென் டிரைவில் வரும், ஆறு மெஷினிலும் ஏற்றுவோம், மணிக்கு 15 ரூபாய். ஸ்டீம் என்றால் ஒரு கடை என்பதே எனக்குப் பல வருடங்களுக்குத் தெரியாது. கேமைத் திறக்கவிடாத ஏதோ ஒரு பூட்டு என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த நினைப்பு அவ்வளவு தப்பும் இல்லை.

லாஞ்சர் என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் மூன்று வேலை பார்க்கிறது. விற்கிறது, அது கடை. கேமைக் கொண்டுவந்து வைத்து அவ்வப்போது புதுப்பிக்கிறது, அது கிடங்கு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீ யார் என்று கேட்கிறது, அது சாவிக்காரன். கடை எத்தனை இருந்தாலும் வாங்குகிறவனுக்குத் தொந்தரவில்லை. காய்கறி வாங்க நாலு கடை ஏறி இறங்குவதில்லையா. சாவிக்காரன் நாலு பேர் ஆகும்போதுதான் எரிச்சல். ஸ்டீமில் வாங்கிய கேமுக்குள் இன்னொரு சாவிக்காரன் நிற்பதற்குக் காரணம், அந்த நிறுவனத்துக்கு உங்களுடைய மெயிலும் கணக்கும் நேரடியாகத் தேவைப்படுகிறது. ஸ்டீம் மூலம் வந்த ஆள் ஸ்டீமின் ஆள். தன் வாசலில் கையெழுத்துப் போட்டவன்தான் தன்னுடைய ஆள்.

சரி, கமிஷன் கணக்குக்கு வருவோம். சண்டையின் வேரே அதுதான்.

டெல்டாக்காரனுக்கு மூட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை என்றால் சரியாக 1,000 ரூபாய். ஒரு கேமின் விலையும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரியை ஒதுக்கிவிடுவோம். ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 சதவீதம். அதாவது மூட்டைக்கு 12 கிலோவைக் கடை எடுத்துக்கொண்டு 28 கிலோவுக்குத்தான் கேம் செய்தவர்களுக்குக் காசு. எபிக் கடையின் பங்கு 12 சதவீதம், மூட்டைக்கு 5 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. கேமை அன்ரியல் என்ஜின் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அந்த என்ஜின் எபிக்கினுடையது. விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டியதும் வருமானத்தில் 5 சதவீதம் எபிக்குக்குக் கட்ட வேண்டும். ஆனால் எபிக் கடையிலேயே விற்றால் அந்த 5 சதவீதம் தள்ளுபடி. ஆக, அப்படி ஒரு கேமுக்கு ஸ்டீமில் 26 கிலோ கைக்கு வந்தால், எபிக்கில் 35 கிலோவுக்கு மேல் வரும்.

எபிக் தன் கடையை அறிவிப்பதற்குச் சில நாள் முன்னால் வால்வும் இறங்கி வந்தது. எப்படி இறங்கி வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2018 கடைசியில் அவர்கள் கொண்டுவந்த புது விகிதப்படி, ஒரு கேம் 1 கோடி டாலர் விற்றுமுதலைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம். சின்ன ஆளுக்கு 30, பெரிய பண்ணைக்கு 20. இங்கே 1956-ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நிலக்காரர் பங்கு 40 சதவீதம் என்று கட்டுப்போட்டது. பிறகு அது 25 ஆனது. அது உழுகிறவனைப் பார்த்துப் போட்ட கணக்கு. வால்வ் போட்டது பெரிய மிராசு வேறு கடைக்குப் போய்விடக் கூடாதே என்று போட்ட கணக்கு. வியாபார புத்தியில் பார்த்தால் தப்பில்லை. ஆனால் இதைச் சின்னவர்களுக்கான சலுகையாக யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜூனில் எபிக் நேர் எதிர்ப்பக்கமாகப் போனது: ஒரு கேமுக்கு வருடத்தில் முதல் 10 லட்சம் டாலர் வரை கமிஷனே இல்லை.

கமிஷன் இவ்வளவு குறைவு என்றால் எல்லோரும் எபிக்குக்குப் போயிருக்க வேண்டுமே. போகவில்லை. கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது. நண்பர்கள் அங்கே, பத்து வருடத்து லைப்ரரி அங்கே, விமர்சனங்கள் அங்கே, கேமுக்கு ஆட்டக்காரர்களே செய்த கூடுதல் சரக்கும் அங்கேயே. 28 கிலோவுக்குத்தான் காசு என்றாலும் ஆயிரம் மூட்டை போகிற இடத்துக்கும், 35 கிலோவுக்குக் காசு கொடுத்தாலும் ஐம்பது மூட்டை மட்டுமே போகிற இடத்துக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

எபிக் கடை திறந்த நாள் 2018 டிசம்பர் 6. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால், நவம்பர் 16 விடியற்காலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. கம்ப்யூட்டர் கேம் உலகமே புதுக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், எங்களுக்கு போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தவர் வீட்டு வாசலில் வரிசை. கரன்ட் வந்து, நெட் வந்து, எபிக் என்று ஒன்று இருப்பதை நான் கேள்விப்படும்போது பொங்கல் தாண்டிவிட்டது. அதையும் ஒரு பையன்தான் சொன்னான்: "கேம் ஃப்ரீயா குடுக்குறாங்கண்ணே, கிராக் இல்ல, ஒரிஜினல்." நான் நம்பவில்லை.

கொடுத்தார்கள்தான். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் வாரம் ஒன்று. வியாழக்கிழமை இரவு, நம் நேரத்துக்கு கோடையில் 8.30, குளிர்காலத்தில் 9.30. இன்றைக்கும் எங்கள் பகுதிப் பையன்கள் பாதிப் பேருக்கு எபிக் என்றால் வியாழக்கிழமை. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் கடையே படுத்துவிட்டது.

சும்மா கொடுக்க எவனுக்கும் மனசு வராதே, அப்புறம் எப்படி? கேம் செய்தவர்களுக்கு எபிக் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுகிறது. ஆப்பிளோடு நடந்த வழக்கில் 2021-ல் அந்தக் கணக்கெல்லாம் வெளியே வந்தது. முதல் 9 மாத இலவசங்களுக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். அதனால் வந்த புதுக் கணக்குகள் சுமார் 50 லட்சம். ஆளுக்கு இரண்டேகால் டாலர் சொச்சம். ஒரு ஆளின் மெயிலையும் வியாழக்கிழமைப் பழக்கத்தையும் அந்த விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். மலிவுதான். ஆனாலும் 2019-ல் மட்டும் கடைக்கு 18 கோடி டாலர் நஷ்டம் என்று அதே வழக்கில் பேசப்பட்டது. எபிக்கின் சொந்த கேமான ஃபோர்ட்நைட்டில் வரும் பணம் இல்லாவிட்டால் இந்தக் கடை ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

இலவசம் ஒரு கை என்றால் இன்னொரு கை முன்பணம். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. காய் இறங்கும் முன்பே வியாபாரி வந்து தோப்பைப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். காய் குறைந்தாலும் அந்தக் காசு உங்களுக்கு. பதிலுக்கு வேறு யாருக்கும் காய் போடக் கூடாது. எபிக்கும் அப்படித்தான் செய்தது. இவ்வளவு விற்பனைக்கு நாங்கள் பொறுப்பு, ஆறு மாதமோ ஒரு வருடமோ வேறு கடையில் வைக்காதே. மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம் 2019 பிப்ரவரியில் வெளிவர இரண்டு மூன்று வாரமே இருந்தபோது ஸ்டீமிலிருந்து எபிக்குக்கு இடம் மாறியது. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஸ்டீமில் கிடைத்தது. மற்றவர்கள் 2020 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு வந்த கோபம் அந்த கேமின் மேல் இல்லை. இன்னொரு கணக்கு, இன்னொரு பாஸ்வேர்டு, இன்னொரு சாவிக்காரன், அதன் மேல்தான்.

அப்படியானால் தனிக் கடை போட்டவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? பெரும்பாலும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இஏ 2011-ல் ஆரிஜின் என்று தனியாகப் போய், 2019 கடைசியில் ஸ்டீமுக்குத் திரும்பியது. ஆரிஜினின் இடத்தில் இப்போது இஏ ஆப். பெதஸ்டா தன் லாஞ்சரை 2022-ல் மூடியே விட்டது. யூபிசாஃப்ட் அதே வருடக் கடைசியில் தன் புதுச் சரக்கை மறுபடி ஸ்டீமில் வைத்தது. அதுவரை ஸ்டீம் பக்கமே வராத பிளிஸ்ஸார்டும் 2023-ல் அங்கே வந்தது. மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டிலிருந்து தன் கடையில் கம்ப்யூட்டர் கேம்களுக்குக் கமிஷனை 12 சதவீதமாகக் குறைத்தது. கேம் பாஸ் என்று மாதச் சந்தாவும் நடத்துகிறது. இட்லி சுடும் நம் ஊர்ச் சமையலையும் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தையும் வைத்துச் செய்த 'வெண்பா' 2023-ல் வந்தபோது, முதல் நாளே அந்தச் சந்தாவிலும் இருந்தது, ஸ்டீமிலும் இருந்தது. எபிக் மாதிரி ஒரே இடத்தில் பூட்டாமல், இரண்டு பக்கமும் விரித்து வைத்தார்கள். சின்ன நிறுவனங்களுக்கு அதுதான் சரி என்று தோன்றுகிறது.

கடைகள் இப்படி அடித்துக்கொள்கின்றனவே, விலை குறைந்ததா? குறையவில்லை. 12 சதவீதக் கடையிலும் 30 சதவீதக் கடையிலும் புது கேமின் விலை பெரும்பாலும் ஒன்றுதான். மிச்சமான 18 சதவீதம் செய்தவர் பையில் போகிறது, வாங்கியவனுக்கு வரவில்லை. வேறு இடத்தில் மலிவாக விற்க விடாமல் வால்வ் தடுக்கிறது என்று சொல்லி வுல்ஃபயர் என்ற சின்ன கேம் நிறுவனம் 2021-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் நீதிமன்றம் அதைப் பலருக்காக நடக்கும் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டது.

நமக்கு நிஜமாக விலை குறைந்தது 2015-ல் ஸ்டீம் ரூபாயில் விற்க ஆரம்பித்தபோது. அதற்கு முன் டாலர் விலை, டாலர் கார்டு. மன்னார்குடியில் யாரிடம் இருந்தது அது? ரூபாய் விலை வந்தது, நெட் பேங்கிங் வந்தது, பின்னால் யூபிஐ வந்தது. என் வரையில் டெல்டாவில் பென் டிரைவ் கேமைக் குறைத்தது எந்தச் சட்டமும் இல்லை, அப்பாவின் ஜிபே-தான். திருட்டு கேம் என்பது விலைப் பிரச்சினையைவிட சேவைப் பிரச்சினை என்று வால்வின் கேப் நியூவெல் 2011-லேயே பேசியவர். இங்கே இரண்டும் சேர்ந்துதான் பிரச்சினை. ஒரு பெரிய கேமுக்கு இன்றைக்கு 4,999 ரூபாய் போடுகிறார்கள். ஐந்து மூட்டை நெல்.

அடுத்ததாகத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு அடிமனை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். மேலே நிற்கிற கட்டடம் மட்டும் நமக்கு. லட்ச லட்சமாகக் கொடுத்து வீட்டை வாங்கலாம், மாடி எடுக்கலாம், கல்யாணம் பண்ணலாம். ஆனால் பத்திரத்தில் கட்டடம்தான் வரும், மண் வராது. மண்ணுக்கு வாடகை கட்டி ரசீது வாங்க வேண்டும், பெயர் மாற்ற அவர்களைக் கேட்க வேண்டும்.

நீங்கள் வாங்கிய கேம் அடிமனை வீடு. சொல்லப்போனால் அதற்கும் கீழே, கட்டடமும் உங்களுடையது இல்லை. நீங்கள் வாங்கியது குடியிருக்க அனுமதி. கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கையெழுத்தானது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. விற்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அது வருவதற்குள்ளேயே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது. அந்த வரியை எங்கள் கடைக்கு வரும் பையன்களில் ஒருவன்கூடப் படித்திருக்கவில்லை. நானே தேடிப்போய்த்தான் படித்தேன்.

உரிமம் என்றால் நடைமுறையில் என்ன? 2021 நவம்பரில் ராக்ஸ்டார் லாஞ்சர் ஒரு நாளுக்கும் மேல் முடங்கியது. காசு கொடுத்து கேம் வைத்திருந்தவர்கள், தனியாக உட்கார்ந்து விளையாடும் கேமைக்கூடத் திறக்க முடியாமல் இருந்தார்கள். கிராக் வைத்திருந்தவன் அன்றைக்கும் வைஸ் சிட்டியில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தான். யூபிசாஃப்ட்டின் தி க்ரூ, 2014-ல் வந்த கார் கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், கேம் செத்துவிட்டது. அப்புறம் சிலருடைய கணக்கிலிருந்து உரிமமே எடுக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களுடைய மனுவுக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு, சத்தமில்லாமல் நடப்பது. 2024 ஜனவரி 1-லிருந்து விண்டோஸ் 7-க்கு ஸ்டீம் ஆதரவு கிடையாது. 2011-லிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவை இன்றும் என்னிடம் வருகின்றன. பழைய கேமுக்கு அந்த மெஷின் போதும். ஆனால் சாவிக்காரனுக்குப் போதவில்லை.

ஐந்து கடைகளும் போட்டி போடுவது மேலே இருக்கும் வீட்டுக்காக. இலவசம், முன்பணம், கமிஷன், எல்லாம் யாருடைய தெருவில் வீடு கட்டுவது என்ற போட்டி. அடிமனையை எழுதித் தருகிறேன் என்று ஐந்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஓரளவு எழுதித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். போலந்தின் சிடி புரொஜெக்ட் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி. அங்கே வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் நெட் வேண்டாம், லாஞ்சர் வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். கலிபோர்னியா சட்டமே இந்த மாதிரி விற்பனைக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு இந்தப் புத்தி வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 90-களின் போலந்தில் திருட்டு டிஸ்க்தான் சந்தை, நம் பர்மா பஜார் மாதிரி. அதோடு மோதி, போலிஷ் மொழியில் பேசவைத்து, பெட்டியில் வரைபடமும் புத்தகமும் வைத்துக் கொடுத்துத்தான் ஒரிஜினலை விற்றார்கள். பூட்டுப் போட்டால் வாங்குகிறவனுக்குத்தான் சிரமம் என்று அப்போதே தெரிந்துகொண்டவர்கள். குறை என்னவென்றால் புதுப் பெரிய கேம்கள் பல அங்கே வருவதில்லை. பையன்கள் கேட்பது அவற்றைத்தானே.

ஸ்டீமிலும் எல்லாக் கேமும் பூட்டோடு வருவதில்லை. பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பது கேம் செய்பவரின் விருப்பம். சிலவற்றின் ஃபோல்டரைத் திறந்து நேராக ஓட்டினால் ஸ்டீம் இல்லாமலே ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை.

கிடங்கு வேலையில் மட்டும் எங்கள் ஆட்கள் லாஞ்சர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல். கேபிள்காரர் கொடுக்கும் நெட்டில், ஒரு இடி இடித்தால் லைன் போகும் ஐப்பசி மாதத்தில், அதை எங்கே இறக்குவது? நீடாமங்கலத்தில் நல்ல ஃபைபர் லைன் வைத்திருக்கும் ஒருவன் இறக்குவான். மற்றவர்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு போவார்கள். எபிக்கில் இதற்கு ஒரு கைமுறை உண்டு. தன் கணக்கில் கேமை இன்ஸ்டால் கொடுத்து, இரண்டு மூன்று சதவீதம் வந்ததும் நிறுத்தி, லாஞ்சரை முழுதாக மூடிவிட வேண்டும். நண்பனிடமிருந்து கொண்டுவந்த ஃபைல்களை அந்த ஃபோல்டரின் மேல் கொட்ட வேண்டும். திறந்து, தொடர் என்று கொடுத்தால் லாஞ்சர் இருப்பதைச் சரிபார்த்து, குறையும் துண்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ளும். ஸ்டீம் 2023-ல் இதை அதிகாரபூர்வமாகவே கொடுத்துவிட்டது: ஒரே வைஃபையில் இரண்டு மெஷின் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கேம் தானாகப் போகும். ஆளுக்கு ஆள் உரிமம் தனி, சரக்கு ஒன்றுதான். பூட்டு இருக்கிறவன் பூட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், நெல்லை நாங்கள் சுமந்துகொள்கிறோம் என்கிற மாதிரி.

கூத்தாநல்லூர்த் தம்பிக்குத் திரும்புவோம். ஐந்தில் ஒன்றையும் நான் தூக்கவில்லை. ஸ்டார்ட்அப்பில் ஐந்தையும் அணைத்தேன். கேமைத் திறக்கும்போது அதற்கான லாஞ்சர் தானாக எழுந்துகொள்ளும், மற்ற நேரம் தூங்கட்டும். ப்ளேநைட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு எல்லாக் கடை கேம்களையும் ஒரே பட்டியலில் காட்டினேன். சாவிக்காரர்கள் அப்படியேதான் இருப்பார்கள், வாசல் மட்டும் ஒன்றாகத் தெரியும். மெஷின் 40 வினாடியில் எழுந்தது. 200 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

போகும்போதுதான் சொன்னான், ஸ்டீமில் விலையெல்லாம் சிங்கப்பூர் டாலரில் காட்டுகிறது என்று. அத்தா சிங்கப்பூரில் வேலையில் இருக்கும்போது ஆரம்பித்துக் கொடுத்த கணக்காம் அது. ஊர் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஸ்டோரில் இந்தியா என்று மாற்றி இந்தியக் கார்டிலோ யூபிஐயிலோ ஒரு கேம் வாங்கினால் ரூபாய்க்கு மாறிவிடும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மட்டும் மாற்ற விடமாட்டார்கள் என்றேன். பேசும்போதே எனக்கு வேறொன்று உறைத்தது.

"கணக்கு யார் பேர்ல தம்பி இருக்கு?"

"அத்தா மெயில்லதான்."

ஸ்டீம் கணக்கைப் பெயர் மாற்றித் தர முடியாது. விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இறந்தவர் உயில் எழுதி வைத்தாலும் மாற்ற முடியாது என்று 2024-ல் ஒருவருக்கு அவர்கள் பதில் அனுப்பியது செய்தியாகவே வந்தது. நமக்கு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று அலையத் தெரியும்; இங்கே அலைவதற்கு ஒரு தாலுகா ஆபீஸ்கூட இல்லை. கையில் இருக்கும் ஒரே ரசீது அந்த மெயிலும் பாஸ்வேர்டும்தான். அதனால் அத்தாவிடம் சொல்லி மெயிலை உன் மெயிலாக மாற்றிக்கொள், பழைய மெயிலுக்கு ஒரு கோட் வரும், அதைப் போட்டால் முடிந்தது என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான்.

"அது அத்தா பழைய கம்பெனி மெயில்ணே. அங்கேருந்து நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு."

உட்காரச் சொன்னேன். ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுதும் பக்கத்தைத் திறந்தோம். கணக்கு தன்னுடையதுதான் என்று காட்ட, அதில் முன்பு பணம் கட்டிய கார்டின் விவரம் உதவும். அத்தா வாட்ஸ்அப்பில் வந்தார். பழைய கார்டு எங்கே வைத்தோம் என்று அங்கே பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.